முழுப்பெயர்

படிவத்தின் முதல் கட்டமே சிக்கல்.
முழுப்பெயர் கேட்டது.
பிறப்புச் சான்றிதழில் நான் லோகம்பிகா,
அடையாள அட்டையில் லோகாம்பிகை,
பேராதனைப் பதிவேட்டில்
இரண்டுக்கும் நடுவே யாரோ ஒருத்தி.

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் வேறு.
தராசில் பதினெட்டுக் கிலோ கொழுந்து நின்றால் முழுப்பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
போன மாதம் அம்மாவுக்குப் பதினொரு முழுப்பேர், ஆறு அரை.
அந்தச் சம்பளச் சீட்டில்தான்
நான் பின்னம் படித்தேன்.

முகவரியில் வீதி இலக்கம் கேட்டது.
வீதி இல்லை.
ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா, மேற்பிரிவு,
பொகவந்தலாவை என்று எழுதினேன்.
கட்டம் போதாமல்
பொகவந்தலாவை கோட்டுக்கு வெளியே போய் நின்றது.

அடுத்த பக்கம்:
தாங்கள் தலைமை தாங்கிய தருணமொன்றை
இருநூற்றைம்பது சொற்களில் விவரிக்க.
தலைவர் என்றால் எங்களுக்குச்
சம்பளத்தில் சந்தா வெட்டும் சங்கத்தின் ஆள்.
விடுதியில் எதிர்க் கட்டிலில் சமாதி ஹேரத்
விவாதக் குழு, இரத்ததான முகாம் என்று
மளமளவென முடித்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.
"உன் சனிக்கிழமை வகுப்பை எழுதேன்."

அதைப் போய் எப்படி?
பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரம் தள்ளி
ஒன்பது பேருக்குக் கணக்குச் சொல்கிறேன்.
தகரத்தில் மழை அடித்தால் என் குரல் கேட்காது.
விரல் நீட்டி விடை காட்டுவார்கள்.
பத்துக்கு மேல் போனால்
பக்கத்துப் பிள்ளையின் கையையும் சேர்த்துப் பிடிப்பார்கள்.

அதை எழுதினேன்.
சமாதி என் ஆங்கிலத்தைத் திருத்தினாள்,
நான் அவளுடைய வரவுசெலவைத் திருத்தினேன்.
பீடத்துக்கு ஒரே ஓர் இடம் என்பதை
இருவரும் வாசித்திருந்தோம்.
பேசவில்லை.

செயற்றிட்ட நிதிக்கு
மூன்று கடைகளின் விலைமதிப்பு வேண்டுமாம்.
பொகவந்தலாவையில்
அந்தச் சாமான் விற்பது ஒரே கடை.
முதலாளி மூன்று பேனாக்களால்
மூன்று தாளில் எழுதித் தந்தார்.

பீடத்தின் இடம் வேறொருவனுக்குப் போனது.
அன்றிரவு சமாதியும் நானும்
ஒரு கொத்துரொட்டியைப் பாதியாக்கித் தின்றோம்.

எனக்கு மட்டும் தோட்ட அலுவலக மேசையில்
பதினொரு நாள் கிடந்தது ஒரு கடிதம்.
கோரிய தொகை ஒரு இலட்சத்து இருபதாயிரம்.
அனுமதித்தது அறுபதாயிரம்.
வாசித்துச் சொன்னேன்.
அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டாள்:
"கொழும்புலயுமா அரைப்பேரு போடுறாங்க?"

சனிக்கிழமை அதுவே கணக்கு.
வெண்பலகை இருபத்து நாலாயிரம்.
வினாத்தாள் தொகுதி இருபத்தேழு.
சூரிய விளக்கு முப்பத்தாறு.
தேநீரும் பிஸ்கட்டும் இருபத்து நாலு.
நிதி தந்தோர் பெயர் பொறித்த பதாகை, கட்டாயம்,
ஒன்பது.
அறுபதுக்கு வெட்டுங்கள் என்றேன்.

விளக்கை முதலில் வெட்டினார்கள்,
இருட்டு பழக்கம்தானே என்று.
வினாத்தாளை யாரும் தொடவில்லை.
மிச்சம் இருபத்து நாலாயிரம்:
பலகையா, பிஸ்கட்டா?
ஐந்து கை ஒரு பக்கம், நாலு கை மறுபக்கம்.
யோகவதனி அழும் நிலைக்கு வந்துவிட்டாள்.

கடைசியில் இருந்த அந்தோனிராஜ்,
எட்டாம் வகுப்பு, வாய் திறக்காதவன்,
"பதாகைக்கு முதுகு என்ன நிறம், அக்கா?" என்றான்.

வெள்ளை.

இப்போது அது சுவரில் முதுகு காட்டித் தொங்குகிறது.
பேனா எழுதும், ஈரத்துணி அழிக்கும்.
படம் எடுக்க ஆள் வந்தால் திருப்பிக்கொள்வோம்.
யன்னல் பக்கம் கட்டியிருப்பதால்
மூடுபனி விலகும் காலைகளில்
முன்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும்,
தலைமைத்துவம் என்ற சொல்
வலமிருந்து இடமாக.
அதன் மேலேதான்
ஐந்தில் இரண்டை எழுதுகிறோம்,
பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு.