நான்கெல்லை

பெரிய விழுகை இல்லை.
மாட்டுத்தாவணி வளைவில்
யாரோ கழுவிவிட்ட தண்ணீர்,
அதன்மேல் மிதிபட்ட மரிக்கொழுந்து.
பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான்.
பூச்சாக்கோடு திரும்பிய
நீல எக்ஸெல்மேல் சாய்ந்து
இரண்டு வண்டியும்
சோம்பலாகப் படுத்துக்கொண்டன.

அந்த அக்கா முதலில் சாக்கைத் தூக்கினாள்.
பிறகு தன் வண்டியை.
பிறகுதான் என்னைப் பார்த்து
"ஒண்ணுமில்லல்ல?" என்றாள்.
நான் வாய் திறக்குமுன் போய்விட்டாள்.
விடியற்கால ஏலத்தில்
பூ யாருக்காகவும் நிற்பதில்லை.

எனக்கு முழங்கையில் கொஞ்சம்.
வண்டிக்கு என்ன என்பதை,
ஒத்தக்கடையில் பத்திரம் டைப் அடிக்கிறவன்
எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்:
ஹேண்டில்பாருக்குத் தெற்கு,
சீட்டுக்கு வடக்கு,
டேங்க் மூடிக்கு மேற்கு,
என் முழங்காலுக்குக் கிழக்கு,
இதன் மத்தியில் உள்ள
ஓர் உள்ளங்கை அளவு சிராய்ப்பும்
மேற்படி சிராய்ப்பில் ஏறியிருக்கும் நீலக் கீற்றும்.

இன்சூரன்சுக்குப் போனால்
வருகிற பணம் அலைகிற பெட்ரோலுக்குப் போதாது.
தவணை வேறு இன்னும் ஒன்பது.
ஞாயிற்றுக்கிழமை செல்லூரில்
லைன் வீட்டுக் குழாயடியில்
ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்தேன்.

பழைய பனியனில் காம்பவுண்டு தொட்டுத்
தேய்த்ததும் நீலம் வந்துவிட்டது,
பனியனில் பள்ளிக்கூட மை மாதிரி.
அதற்குக் கீழே சிவப்பு இல்லை. தகரம்.
நானூறு நம்பர் தாள், பிறகு எண்ணூறு,
தண்ணீர் ஊற்றி ஊற்றி.
பட்டி வைத்தேன்.
தப்பாக அடித்த எழுத்தில் வெள்ளை பூசிக்
காயும்வரை ஊதுகிற பழக்கத்தில்
அதையும் ஊதினேன்.
பத்திரத்திலாவது கடைசிப் பக்கத்தில்
அடித்தல் இத்தனை, திருத்தல் இத்தனை என்று
கையெழுத்து வாங்கிவிடலாம்.

பெயிண்ட் சிம்மக்கல் இன்னாசி கடையில்.
"கம்பெனி நம்பர் இதுதான் தம்பி.
ஆனா ஒன் வண்டி மூணு வருசமா
மதுர வெயில் குடிச்சிருக்கு.
டப்பா இன்னும் குடிக்கலயே."

நேற்றைய பேப்பரை ஒட்டி மறைத்து
ஸ்ப்ரே அடித்தேன்.
ஒரு கட்சித் தலைவரின் காதுவரை சிவந்தது.
ஈரம் காயுமுன் ஒரு கொசு
வந்து உட்கார்ந்து நிரந்தரமாகிவிட்டது.
எடுத்தால் தடம், விட்டால் கொசு.
விட்டுவிட்டேன்.

தமயந்தி காப்பியோடு வந்து பார்த்தாள்.
"பத்தடி தள்ளி நின்னா தெரியாது" என்றேன்.
"அப்ப எல்லாரையும்
பத்தடி தள்ளியே நிறுத்து."

இரண்டு வாரம் கழித்து
வெள்ளிக்கிழமைக்குக் கதம்பம் வாங்கப் போனேன்.
பூ மார்க்கெட் வாசலில்
நீல எக்ஸெல் ஒரு முப்பது நிற்கும்.
ஒன்றின் பின்மட்கார்டில்
இழுத்துவிட்ட மாதிரி ஒரு சிவப்பு.
மிச்சக் காம்பவுண்டு கவரில் இருந்தது.
எடுத்துக்கொண்டு நின்றேன்.

தலையில் சாக்கோடு வந்தாள்.
"அட, நீயா."
"அஞ்சு நிமிசம்க்கா, தேச்சுத் தாரேன்."
"ஐயய்யோ, கைய எடு.
முன்னெல்லாம் ஒவ்வொரு வண்டியிலயா
சாவி போட்டுப் பாப்பேன்.
போன மாசம் எவனோ வண்டிய
யானைமலை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிட்டேன்.
இப்ப அந்தச் செவப்பப் பாத்து
நேரா வந்துர்றேன்."

சாக்கைக் கட்டினாள்.
நான் குனிந்து பார்த்தேன்.
இன்னாசி டப்பா டப்பாவாகத் திறந்து காட்டியும்
ஒத்துப்போகாத அந்த நிறம்,
மூன்று வருச வெயில் குடித்தது,
அசல்,
அவள் மட்கார்டில் இருந்தது.

"தள்ளுப்பா."
மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது.
என் கொசுவோடு நான்
ஒத்தக்கடைக்கு.