பதினேழாம் கட்டில்

பக்கத்துக் கட்டிலுக்கு மிஸ்ஸி
அரை மணித்தியாலம் சொல்லிக் குடுத்தா:
தலையணையை இப்பிடி வையும்,
காம்பு மட்டுமில்லை,
கறுப்பு முழுக்க வாய்க்குள்ள போகோணும்,
அவசரப்படாதையும் பிள்ளை.

என்ரை கிளினிக் கொப்பியில
தொழிலையும் விலாசத்தையும் வாசிச்சா.
"உங்கட ஆக்கள் எப்பிடியும் பால்மாதானே."
ஒரு கடதாசியைக் கட்டில் நுனியில வைச்சிட்டுப் போனா,
என்ரை கையில படாமல்.

திரைச்சீலை இடைவெளியால
பாடத்தைக் களவெடுத்தன்.
தலையணை இல்லை,
மடிச்ச சீலை காணும்.
விடியப்புறம் மூண்டு மணிக்கு
அவள் சரியாய்க் கவ்வினாள்.
நொந்த நோவில
கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சன்.
ஆரும் எழும்பேல்லை.

நாற்பத்தியிரண்டாம் நாள் வேலைக்குக் கூப்பிட்டாங்கள்.
நாள் சம்பளத்துக்கு லீவு எங்கை?
ஐஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரி வீதி.
சத்திரச்சந்திக்குக் கூட்டிக்கொண்டு வரேக்கை
சட்டை நனைஞ்சிடும்.
தாய்ப்பால் வாரத்துப் பதாகை
ஒரு பக்கக் கயிறு அறுந்து
வாய்க்காலுக்குள்ள கிடந்தது.
அதையும் அள்ளினன்.

லூட்ஸ் அக்கா ஒண்டும் கேக்கேல்லை.
என்ரை விளக்குமாத்தைப் பறிச்சு,
"ஓடு, ஏழரைக்குள்ள வா,
சுப்பவைசரோடை நான் கதைக்கிறன்."

தன்ரை ஐஞ்சும் பேணிப்பாலிலதான் வளந்ததாம்.
அதைச் சொன்னது வேறொருநாள்,
உழவு மெசின் பெட்டிக்குப் பின்னால நிண்டு
கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு.
"எனக்கும் பால் இருந்தது, தெரியுமோ?"

சைக்கிளை உழக்கிறன்.
ஒழுங்கை திரும்ப அழுகை கேக்குது.
நான் பிரேக் பிடிக்க முன்னம்
உடம்பு பதில் சொல்லிப்போட்டுது.