பூதத்தின் புகைபோக்கி

நாம்சோஸ் நகரில் காலை பத்துக்கும் இருட்டு.
இரண்டு குட்டி மேசைகளுக்கு நடுவே
பள்ளத்தாக்கு. அகலம் ஒரு முழம்,
அளந்தது என் கை.

அக்கரை இளவரசிக்குச் சீதனம் போகவேண்டும்:
ஒரு கிலோ பழுப்புப் பாலாடைக்கட்டி.
பாலத்தடியில் பூதம்.
பாலம்தான் இல்லை, கட்டுங்கள் என்றேன்.

ஐஸ் குச்சி, கோந்து, கம்பளி நூல்.
தூர்யுஸ் கட்டியது விழுந்தது.
"பூதம் இழுத்துவிட்டது."
இல்லை, நடுவில் தொய்ந்தது;
அவனுக்கும் தெரியும். குச்சிகளை
இரட்டையாக ஒட்டினான்.
இந்த முறை கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது.
சீதனத்தின் நசுங்கிய மூலையை
ஹெர்பியோர்க் தின்றாள், யாரையும் கேட்காமல்.

இல்வா மட்டும் பாலத்தின் பக்கமே வரவில்லை.
பள்ளத்தாக்கின் தரையில் உட்கார்ந்து
காலிப் பால் பெட்டிகளை அடுக்கினாள்.
பூதத்துக்குக் குளிராதா? வீடு வேண்டாமா?
வீட்டுக்குள் அடுப்பு,
அடுப்புக்குப் புகைபோக்கி.
அது வளர்ந்து வளர்ந்து
மூன்றாவது பாலத்தின் வயிற்றில் முட்டியது.

"எடு அதை!" தூர்யுஸ் கத்தினான்.
கதையில் வீடு இல்லையே என்று
நானும் வாயெடுத்தேன்.
அதற்குள் ஹெர்பியோர்க்
கட்டியைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டாள்.

குச்சிகள் முனகின.
நின்றது.

"பூதம் தாங்குது," என்றான் தூர்யுஸ், மெதுவாக.
நான் திருத்தவில்லை.
தூண் என்ற சொல் நாளைவரை கெட்டுப்போகாது.

எல்லாரும் கைதட்ட,
இல்வா முகம் சுளித்தாள்:
"மேலே அடைச்சிட்டீங்களே,
இப்போ புகை எப்படிப் போகும்?"