காலண்டர்க்காரி

நண்டுக் கம்பெனியில் எதிர்வரிசை பாக்கியமேரி
கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்:
"கனவுல ஒனக்கு என்னக்கா தெரியும்?"
"படம் மாதிரி ஓடுமா?" என்றாள் இன்னொருத்தி.

தெரியும் என்ற சொல்லுக்கு
உங்களுக்கு இரண்டு அர்த்தம்.
எனக்கு ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது,
பிறந்ததிலிருந்து, நாற்பத்தோரு வருசமாய்.

நான் கனவு காண்பதில்லை.
எனக்குக் கனவு வருகிறது.
ஈரக் காலோடு வரும்.
நேற்று வந்ததில்
நண்டுச் சதையைப் பிரித்துக்கொண்டே இருக்கிறேன்,
ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை,
ஐஸில் விரல் நுனி மரத்துப்போகிறது.
மேஸ்திரி பின்னால் வந்து நிற்பது
மூக்குப்பொடி வாசனையில் தெரிகிறது.
பிறகு கையில் இருப்பது நண்டு இல்லை,
என் அப்பாவின் காது மடல்,
சின்ன வயதில் தோளில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வேனே, அது.
அதற்குமேல் கேட்காதீர்கள் என்றேன்.
சிரித்தார்கள்.

கெட்ட கனவும் உண்டு.
பாம்பனில் பிறந்தவளுக்குத் திசை தொலையாது.
ஒரு காதில் பெண்கடல், மறு காதில் ஆண்கடல்.
கச்சான் அடிக்கும் மாதங்களில் தெற்கே இரைச்சல்,
வாடை திரும்பினால் வடக்கே.
அந்தக் கனவில் இரண்டும் வாய் மூடிவிடும்.
பாலத்தில் ரயில் இல்லை, நாய் இல்லை.
கம்பால் தட்டினால் மணல் பதில் சொல்லாது.
எந்தப் பக்கம் காலை வைத்தாலும்
அது தண்ணீராக இருக்கலாம்.
முழித்ததும் இன்னாசியின் கையைத் தேடுவேன்.
முழங்கை மடிப்பில் இருக்கும் கருகல் வடுவில்
விரல் பட்டால்தான் மூச்சு வரும்.

இன்னாசிக்கு இருபத்து மூன்று வயதுவரை கண் இருந்தது.
தோட்டா போட்டு மீன் பிடித்த காலம்,
திரி குட்டையான ஒன்று
கையை விட்டுப் போகுமுன்னே வெடித்தது.
கடைசியாக என்ன பார்த்தாய் என்றால்
வல்லத்தின் ஓரத்தில் காய்ந்த சட்டை என்பான்.
ஒரு தடவை அது பச்சை.
ஒரு தடவை நீலம்.

ஆறு வருசம் கழித்து எங்களுக்குக் கல்யாணம்.
என்னை அவன் பார்த்ததே கிடையாது.
ஆனால் ஒரு விடியற்காலை, டீ ஆறுமுன்னே சொன்னான்:
"கனவுல ஒன்னயப் பாத்தேன் செசீலி."
"மொகம் இருந்துச்சா?"
"இருந்துச்சு. மூக்குத்தி போட்டுக்கிட்டு,
சிரிச்சா கன்னத்துல குழி."
கன்னத்தைத் தடவிப் பார்த்தேன்.
சிரித்தும் தடவினேன்.
"யாரு மொகம் அது?"
வெகுநேரம் தம்ளரை உருட்டினான்.
ஐஸ் கம்பெனி காலண்டரில் இருந்தவளாம்.
பதினெட்டு வயதில் அங்கே வேலை,
தினமும் அவள் காலடியில் தேதி கிழித்திருக்கிறான்.

மூன்று நாள் நான் பேசவில்லை.
ஒரு காகிதக்காரி
என் பெயரை வைத்துக்கொண்டு
என் புருசன் தூக்கத்தில் நடமாடுகிறாள்.
என் சேலையைத்தான் உடுத்தியிருப்பாள்.
அது என்ன நிறம் என்று
அவளுக்குத் தெரியும்.

இந்தக் கச்சானில் ஒரு ராத்திரி
எழுந்து உட்கார்ந்து அழுதான்.
"நீ வந்த. மொகம் வரல.
வல்லம் வரல, தண்ணி வரல, எல்லாம் வெளுத்துப்போச்சு.
ஒன் கைல பூண்டு வாசம் இருந்துச்சு.
சுண்டுவெரல்ல நண்டு கடிச்ச தடம் இருந்துச்சு.
நீ பக்கத்துல இருக்கங்குறது மட்டும் தெரிஞ்சுச்சு."

அவனுக்கு அது இழவு.
சாவு வீட்டில் பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டேன்.
உள்ளே எனக்குப் பொங்கி வந்ததை
முகத்தில் மறைக்க வேண்டியதில்லை.
கைதான் காட்டிக்கொடுத்துவிடும் என்று
மெல்ல விடுவித்துக்கொண்டு
தண்ணி வேணுமா என்றேன்.

தெற்கே இரைந்துகொண்டே இருந்தது.
சொம்பைத் தேடி நான் பாதி தூரம் போன பிறகு
"அந்தச் சட்ட நீலந்தான்" என்றான்,
யாரும் கேட்காமலே.