காற்று இல்லை

ஜூனில் இங்கே இரவு சரியாக வருவதில்லை.
பத்து மணிக்கும் செடி மேல் என் நிழல் விழுகிறது,
தள்ளி நின்று எண்ண வேண்டியிருக்கிறது.

போத்னிய வளைகுடா.
கடல் ஆண்டுக்கு ஒரு சுண்டுவிரல் நகத்தளவு இறங்குகிறது என்பேன்.
நிலம்தான் ஏறுகிறது என்று திருத்துவார் ஆல்கோட்.
அவர் தகப்பன் படகு கட்டிய இரும்பு வளையம்
இப்போது தண்ணீரைவிட்டுப் பத்தடி தள்ளி
பாறையில் தனியே, துருவேறி.

அதுவும் துரு.
நான் எண்ண வந்ததும் துரு.
அதற்கு இரும்பு போதும்.
இதற்குப் பச்சை வேண்டும், உயிரோடிருக்கும் பச்சை.
செத்த செடியில் இதற்குச் சோறில்லை,
அதனால் கொல்லாமல் தின்னப் பழகியிருக்கிறது.

செடிக்கு இவர்கள் வைத்த பெயர் கடமான் பூண்டு.
கடமான் அதைத் தின்று நான் பார்த்ததில்லை.
ஜூலையில் புல்வெளி விளிம்பெல்லாம்
பொங்கி வழிந்த பால்போல் பூக்கும்.
தண்டை நசுக்கினால் வலித்தைல வாசம்.
நோய் கண்ட தண்டு முன்னமே முறுக்கிக்கொள்ளும்,
கழுத்து சுளுக்கியவன் திரும்பிப் பார்ப்பதுபோல.
வளைவில் ஆரஞ்சுப் பொடி.
தொட்ட விரலிலும் அதே நிறம்.

காகித ஆலை மூடிய ஆண்டில்
இந்த வேலைக்கு வந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு தீவு, ஒரு நோட்டு.
அட்டையின் உள்பக்கம் யாரோ பென்சிலில் எழுதியது:
சுத்தமான தீவு முதலில்.
நோய்த் தீவு கடைசியில்.
இடையில் காற்சட்டையை மாற்று.

லோம்ஷேரில் ஒன்பது ஆண்டாகப் பூஜ்யம்.
பூஜ்யம் எழுதுவது சும்மா இல்லை.
ஐம்பத்து மூன்று செடிக்கும் குனிந்து
ஒவ்வொரு இலையையும் புரட்டி
இல்லை, இல்லை, இல்லை என்று கண்ணால் கண்டு
அப்புறம்தான் அந்த வட்டம்.

போன ஜூனில் மூடுபனி பிடித்தது.
ஆல்கோட் மோட்டாரை அணைத்தார்,
எங்கே இருக்கிறோம் என்று காதால் பார்த்தார்.
அலை கேட்ட கரையில் ஏறினோம்.
அது கிரோஷேர். கடைசியில் போக வேண்டியது.
வேறென்ன செய்ய, எண்ணினேன்.
இடுப்புவரை ஈரம், இடுப்புவரை ஆரஞ்சு.
பனி விலகியதும் பார்த்தால்
கூப்பிடு தூரத்தில் லோம்ஷேர்.

மாற்றுக் காற்சட்டை பையில் இருந்தது.
பை படகின் முன்னறையில் இருந்தது, வலைக்கு அடியில்.
கொசு.
ஆல்கோட்டின் காப்பி தீர்ந்திருந்தது,
காப்பி தீர்ந்த ஆல்கோட்டை அவசரப்படுத்த முடியாது,
காக்க வைக்கவும் முடியாது.
தொடையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.
கொஞ்சம் பறந்தது.
போதும் என்று இறங்கினேன்.

இந்த ஜூன்.
நாற்பத்தோராவது செடி
கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது.

வேரோடு பிடுங்கிக் கடலில் எறிந்தால்
பத்தாவது பூஜ்யம்.
பிடித்தும்விட்டேன்.
தண்டு கையில் லேசாக நசுங்கி
அந்தத் தைல வாசம் வந்தது,
வலி எனக்குத்தான் என்பதுபோல.
விட்டுவிட்டேன்.

ஒன்று என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில், வந்த வழி:
காற்று என்று எழுதினேன்.

காற்றாகவும் இருக்கலாம்.
ஓராண்டில் எத்தனை காற்று அடித்திருக்கும்.
ஒரு பறவையின் கால், ஒரு கடமானின் வயிறு,
பனி உறைந்த மாதத்தில் நடந்தே வந்த யாரோ.

ராத்திரி என்று நாங்கள் சொல்லும் வெளிச்சத்தில்
நோட்டைக் காயவைத்தேன்.
ஈரத்தில் ஒட்டியிருந்த பழைய பக்கம் பிரிந்தது.
லோம்ஷேர், போன ஆண்டு, என் கையெழுத்து:
செடி ஐம்பத்து மூன்று. நோய் பூஜ்யம்.
வானிலை: மூடுபனி.
காற்று: இல்லை.

ரப்பர் மேசையில்தான் கிடக்கிறது.
ஆல்கோட் வெளியே
படகைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.
எதற்குக் கழுவுகிறார் என்று
நான் கேட்கவில்லை.