மூச்சுக்குக் கூலி

இருபத்தியொரு வருஷமாய்
கிரிஜேஷ் தவேக்குத் தமிழ் நான்.
கண்ணாடியைக் கழற்றிக் கையை விரிக்கும் டாக்டர்,
சம்பந்தி வீட்டு வாசலில் மாரைப் பிடித்துக்கொள்ளும் அப்பா,
கமிஷனர், கமிஷனர், மறுபடியும் கமிஷனர்,
ஒரே ஒருதரம் கொள்ளைக்காரன்.
பதினேழு சாவு செத்திருக்கிறார்.
பதினேழையும் வடபழனியில், ஒரு கண்ணாடி அறைக்குள்
நின்றவாக்கில் செத்துவிட்டு
சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து
கொருக்குப்பேட்டையில் இறங்கி
சங்கரா மீன் வாங்கிப் போயிருக்கிறேன் வீட்டுக்கு.

இந்தி வராது எனக்கு.
அவர் உதடு வரும்.
பேட்டீ என்று அவர் பிரித்தால்
மகளே என்று நானும் பிரிப்பேன்.

வெள்ளிக்கடை பாரஸ்மல் பாஸ் கொடுத்தார்:
"உன் ஆளு வர்றான்யா, நாடகம் போட."
மின்ட் தெரு, கல்யாண மண்டபம், ரெண்டாவது மாடி.
கச்சோரி எண்ணெய் படியேறி வந்து
முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.
சினிமாவுக்கு முன்னால் பதினாறு வருஷம்
ஜபல்பூரில் மேடையாம், பாரஸ்மல் சொன்னார்.
அந்தப் பதினாறில் அவருக்கு யார் பேசினார்கள்
என்று ஒரு கணம் யோசித்தேன், முட்டாள்தனமாக.

கதை புரியவில்லை.
ஒரு டிரங்குப் பெட்டி. சாவி இல்லை.
அவர் அதனோடு சண்டை போட்டார், கொஞ்சினார்,
நடுவில்
நின்றார்.

சபை மொத்தமும் முன்னால் சாய்ந்தது.
எனக்குத் தெரியும்.
வேண்டுமென்று நிறுத்தினால் மூக்கால் இழுப்பார்,
தோள் அசையாது.
இது வாயால் இழுத்தது.
வசனம் போய்விட்டது.

கேட் போட்டு நிற்கும்போது
கூட்ஸ் பெட்டி எண்ணுவதுபோல் எண்ணினேன்.
ஏழு, எட்டு, ஒன்பது...
என் நாக்கு நுனியில் ஏதோ ஒரு கமிஷனரின் வரி
தமிழில் வந்து துடித்தது.
அதை வைத்து அவர் என்ன செய்ய?

பதினொன்றில் பெட்டி மூடியை ஓங்கி அறைந்தார்.
எதையோ பேசினார்.
கைதட்டல். "நிறுத்தினான் பார்த்தியா!"
என்று தொடையில் தட்டினார் பாரஸ்மல்.
பார்த்தேன் என்றேன்.

பிறகு, செல்ஃபி வரிசையின் கடைசியில்
"இவர்தான் உங்க மெட்ராஸ் குரல்" என்று நிறுத்தினார்கள்.
தவே என் தொண்டையை இரண்டு விரலால் தொட்டார்
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இந்தியில் ஏதோ கேட்டார்.
"உன் குரல்ல எனக்கு வயசாகிடுச்சான்னு கேக்குறார்."

கிரீம் துடைத்த பாதி முகம்,
துடைக்காத பாதி.
ம்ஹும், என்றேன்.
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
அவர் நம்பவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வடபழனி.
புது சீரியல். மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார்.
பதினெட்டு.
"அண்ணே, டயலாக்கே இல்ல, வெறும் மூச்சுதான்,
அரை கால்ஷீட்டா போட்டுக்கவா?"
என்றான் பையன் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்.

முழுசா போடு, என்றேன்.
மைக்கை இன்னும் கிட்ட நகர்த்து.