ஹீட்டர் நின்ற ஞாயிறு

கோயில் மணியை நான் இழுத்ததும்
முதலில் பாடுவது நாய்கள்தான்.
சங்கிலி விட்ட தூரம் வரை வந்து
இருட்டை அண்ணாந்து ஊளையிடும்.
உபதேசியார் சோபுஸுக்கு அது ஆகாது.
எனக்கு ஆகும்.
எதற்கு என்று கேட்காத ஸ்தோத்திரம்.

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில்,
உப்பர்நவிக்குக்கும் வடக்கே,
அறுபத்தெட்டுப் பேர் நாங்கள்.
கிறிஸ்துமஸுக்கு முன் அறுபத்தொன்பது.
நவம்பரில் போன சூரியன் வர
இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
அன்றைக்கென்று ஹீட்டரும் நின்றது.
எண்ணெய்க் குழாயில் விரிசல்.
மணிக்கும் ஹீட்டருக்கும் நான்தான் பொறுப்பு;
உள்ளே வந்தவர்கள் எல்லோரும்
சிலுவையைப் பார்ப்பதற்கு முன்
என்னைப் பார்த்தார்கள்.

ஹன்சிக்னே கையுறையோடு ஆர்கன் வாசித்தாள்.
ஒரு விரல் வைத்தால் இரண்டு சுரம்.
அன்றைய பாட்டு, நன்றிப் பாட்டு.
மாற்றலாமா என்று சோபுஸ்
மூன்றாம் பெஞ்சை ஒரு தரம் பார்த்தார்.
மாற்றவில்லை.
துணிச்சலாக இருக்கலாம்,
விரல் விறைத்துப் பக்கம் புரளாமல் போயிருக்கலாம்.

மூன்றாம் பெஞ்சில் பொலேத்தா.
டிசம்பரின் இளம்பனியில் எப்ராயீம்
பதினொரு நாய்களோடு போனான்.
வந்தது ஐந்து நாய், அறுந்த ஒரு வார்.
முன்பெல்லாம் அவள் குரலை
ஏணி மாதிரிப் பிடித்துக்கொண்டுதான்
நாங்கள் மேல் சுரத்துக்கு ஏறுவோம்.
இப்போது ஏணி சாய்ந்து கிடந்தது.
ஆளுக்கு ஒரு உயரத்தில் தொங்கினோம்.

ஆனால் அன்று நான் கண்டதைச் சொல்ல வேண்டும்.
பாடப் பாட எல்லோர் வாயிலிருந்தும் ஆவி.
மீன் தொழிற்சாலைக்காரன் வாயிலிருந்து
குண்டு குண்டாக.
சின்னவன் ஊயார்னெக் பாட்டை மறந்து
வளையம் விடப் பார்த்தான்.
சோபுஸின் ஆவி வார்த்தைக்கு வார்த்தை வெட்டுப்பட்டது.
என்னுடையதும் போனது,
அடுத்த வரி தெரியாமல் வாயசைத்தபோதும்.

பொலேத்தா உதடு திறக்கவில்லை.
மூக்கிலிருந்து இரண்டு மெல்லிய இழை
இறங்கி, தயங்கி, பின் ஏறி
கூரையில் தொங்கும் மரக்கப்பலுக்குக் கீழே
எங்கள் ஆவியோடு கலந்தது.
கடவுளுக்கு நம் துதி எதற்கு,
அவருக்கு என்ன குறைச்சல் என்று
முப்பது வருஷம் கயிறு இழுத்தும்
எனக்குத் தெரியாது.
கூரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.
அது மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை அவள் கோயிலுக்கு வந்தாள்.
கையில் ஒரு ரப்பர் குழாய்.
கரையேற்றிக் கவிழ்த்த படகின்
மோட்டாரிலிருந்து கழற்றியது.
"அளவு சரியா இருக்கும். பாரு."
இருந்தது.

ஹீட்டர் இருமி, பற்றிக்கொண்டது.
கொஞ்ச நேரத்தில் கூரையின் உறைபனி இளகி
சொட்டத் தொடங்கியது.
பெஞ்சுகள் மேல், பாட்டுப் புத்தகங்கள் மேல்,
பீடத்தின் வெள்ளைத் துணி மேல்,
நேற்றுப் பாடியதெல்லாம், பாடாததும்.
எந்தச் சொட்டு யார் மூச்சு?

"நேத்து நான் பாடல," என்றாள்.
"தெரியும்."
"இனிமேலும் மாட்டேன்."
"சரி."
ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது.
துடைக்கவில்லை.
புத்தகங்களை அடுக்கி
நனையாத ஓரத்துக்கு நகர்த்தினாள்,
அறுபத்தொன்பதையும்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதே பெஞ்சு.
தெற்கு மலை விளிம்பில் வானம் சிவந்திருந்தது.
நாய்கள் ஆரம்பித்தன, நாங்களும்.
கோயில் இப்போது கதகதப்பு;
யார் பாடுகிறார்கள்,
யார் சும்மா மூச்சு விடுகிறார்கள் என்று
கண்ணால் சொல்ல முடியாது.

எனக்கு அது போதும்.
குழாய் கசியவில்லை.